தாலி கட்டிய பாம்பும் என் எருக்கும்பியும்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு, நீங்கள் சொல்லவேயில்லையே என்று ஒருவரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது.

லண்டன் செவன் கிங்ஸில் ஒரு பலசரக்குக் கடை. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் அடித்தே முதுகு வளைந்தவன் கட்டிய கடை. ஆறு மாதத்தில் இழுத்து மூடுவான் என்று சொன்னவர்கள் இன்றைக்கும் அங்கேதான் முருங்கைக்காய் வாங்குகிறார்கள். அடுத்தது என் வீட்டின் பின்பக்கத்துச் சமையலறை. நகரசபைக் கவுன்சில் இரண்டு தரம் முடியாது என்றது. மூன்றாம் தரம், மீன் பொரிக்கிற புகை பக்கத்து வீட்டுக்குப் போகாமல் நேரே ஆகாயத்துக்குப் போகிற மாதிரி நானே படம் கீறிக் கொடுத்தேன். பேசாமல் கையெழுத்துப் போட்டார்கள். கோயில் தேர்க்கொட்டகையின் கூரையும் நான் போட்டதுதான். படித்த பொறியியலாளர்கள் இரண்டு பேர் அது நிற்காது என்றார்கள். நிற்கிறது. அவர்களில் ஒருவர் மழை வந்தால் அதன் கீழேதான் ஒதுங்குகிறார். சற்று நேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான்.

கடையைப் பிள்ளைகளிடம் கொடுத்த பிறகு ஓர் அலொட்மென்ட் எடுத்தேன். கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கிற தோட்டத்துண்டு அது. ஓடை ஒன்றின் கரையில், நீளமாய், யாரும் வேண்டாம் என்று விட்ட பதினேழாம் இலக்கத் துண்டு. வீடு திருத்துகிறவர்கள் வீதியில் எறிந்த குளியலறைக் கண்ணாடிக் கதவுகளைப் பொறுக்கி வந்து அதில் ஒரு கண்ணாடி வீடு கட்டினேன். உள்ளே புடலங்காய் போட்டேன். நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டால் புடலங்காய் லண்டனிலும் நேராகத்தான் வளரும்.

இவையெல்லாம் பெரிய காரியமே அல்ல. முயன்றால் வேறு யாரும் கட்டலாம். யாராலும் கட்ட முடியாத ஒன்றை நான் கட்டினேன். அது என் எருக்கும்பி. அதைப் பற்றித்தான் இந்த எழுத்து. ஏனென்றால் அலொட்மென்ட் வாசலில் இப்போது ஒரு பலகை தொங்குகிறது. அதில் அந்தக் கும்பியின் படம் இருக்கிறது. என்னைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

எருக்கும்பி என்றால் குப்பை குவிப்பது என்று நினைக்கிறார்கள். என்னோடு வந்து குவித்துப் பார்க்கட்டும். குதிரை லாயத்திலிருந்து சாணமும் வைக்கோலும் வரவேண்டும். கோயிலிலிருந்து வாடிய மாலைகளும் சாப்பிட்டு மடித்த வாழையிலைகளும். முடிவெட்டுகிற கடையிலிருந்து முடி. இவ்வளவும் எல்லாருக்கும் தெரியலாம். தெரியாத மருந்து ஒன்று உண்டு: பால் பிழிந்த தேங்காய்ப்பூச் சக்கை. டூட்டிங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஒருவர் எனக்காக அதைச் சாக்கில் கட்டி வைப்பார். நான் அதைத் தோளில் போட்டு நோர்தேர்ன் லைன் டியூப் ரயிலில் கொண்டுவருவேன். கோடையில் அந்தச் சாக்கு ஒரு தரிப்பிடத்துக்குள் பெட்டியையே காலியாக்கிவிடும். எனக்கு எப்போதும் இருக்கை கிடைக்கும்.

தேங்காய்ப்பூச் சக்கை இறங்கினால் கும்பி கொதிக்கும். ஒருமுறை நம்பாத ஒருவருக்குக் காட்டுவதற்காகக் கோழிமுட்டை ஒன்றை அதன் நடுவில் புதைத்து, மத்தியானம் தோண்டி எடுத்து, உப்பும் மிளகுத்தூளும் போட்டுத் தின்று காட்டினேன்.

இப்படிப்பட்ட கும்பியைத்தான் உடைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அலொட்மென்ட் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற ஆங்கிலேய ஆசிரியை. நல்ல மனுஷி. ஆனால் கையில் அளவுநாடாவோடு நடக்கிறவர். கும்பி இடுப்பு உயரத்துக்கு மேலே போகக்கூடாதாம். என்னுடையது என் தலைக்கு மேலே நின்றது. வாசனை பற்றியும் இரண்டு வரி எழுதியிருந்தார். மாதம் முடிவதற்குள் அதைத் தரைமட்டமாக்க வேண்டும், இல்லாவிட்டால் பதினேழாம் துண்டு வேறு ஆளுக்குப் போகும்.

மூன்று வாரம் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசி வெள்ளிக்கிழமை, வேறு வழியில்லாமல், பக்கத்துத் துண்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவரை நாங்கள் ஜெர்மன்காரர் என்போம். சுத்த யாழ்ப்பாணத்தார்தான், ஜெர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு இங்கே மாறி வந்ததால் அந்தப் பெயர்.

"அண்ணை, ஜெர்மனியிலை எண்டால் இந்தக் கும்பிக்கு லைசென்ஸ் வேணும்" என்றார், சட்டைக் கையை மடித்துக்கொண்டே.

"ஜெர்மனியிலை இப்பிடி ஒரு கும்பி இருந்தால்தானே லைசென்ஸ்" என்றேன்.

நான்கு பல் ஃபோர்க்கைக் கும்பியின் தெற்கு ஓரத்தில் குத்தி இழுத்தேன். வைக்கோலோடு ஒரு பாம்பும் வந்து என் காலடியில் விழுந்தது.

என் கை நீளத்துக்கு மேலே இருக்கும். பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். விலாவில் கறுப்புக் கீறுகள். அது சீறியது. தலையைத் தட்டையாக்கிக்கொண்டு என் பூட்ஸை இரண்டு தரம் முட்டியது. கடிக்கவில்லை, வாயை மூடிக்கொண்டுதான் முட்டியது. நான் நகரவில்லை. ஜெர்மன்காரர் தள்ளுவண்டிக்குள் ஏறி நின்றார். உடனே ஒரு நாற்றம் எழுந்தது பாருங்கள், என் தேங்காய்ச் சக்கைச் சாக்கு அதற்கு முன்னால் மல்லிகைப்பூ. பிறகு பாம்பு ஒரு தரம் நெளிந்து, மல்லாந்து, வாயைப் பிளந்து, நாக்கை வெளியே தொங்கவிட்டு அப்படியே கிடந்தது. வாயோரத்தில் ஒரு துளி இரத்தம்.

"சாக்காட்டிப் போட்டியள் அண்ணை."

"நானோ? அது தானாய்ச் செத்தது."

"ஃபோர்க்கு ஆரின்ரை கையிலை இருக்கு?"

ஃபோர்க்கின் பிடியால் அதை மெதுவாகக் குப்புறப் புரட்டினேன். அது திரும்பவும் மல்லாந்தது. இன்னொரு தரம் புரட்டினேன். இன்னொரு தரம் மல்லாந்தது.

"செத்தும் பிடிவாதம்" என்றார் ஜெர்மன்காரர், வண்டிக்குள் நின்றபடியே.

அங்கேதான் எங்களுக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். செத்தது தானாகப் புரளாது என்று ஏழாம் வகுப்புக்கு முன்பே படிப்பித்துவிடுகிறார்கள். ஆனால் பாம்பைக் கொன்றுவிட்டோம் என்ற பயம் பிடித்தால், எங்கள் ஆட்களுக்குப் படித்த படிப்பு முதலில் போகும்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு, எனக்குச் சாப்பாட்டையும் தேத்தண்ணிக்குக் குளிர்ந்த பால்போத்தல் ஒன்றையும் கொண்டு நேரே தோட்டத்துக்கு வருவாள். கிடந்ததைக் குனிந்து பார்த்தாள். எங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"இஞ்சேருங்கோ, கழுத்தைப் பாத்தனீங்களே?"

பார்த்தேன். தலைக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி மஞ்சளாய் ஒரு வளையம். அதை ஒட்டிக் கறுப்பு.

"மஞ்சள் கிடக்கு. அதுக்கு?"

"அதுக்கோ? தாலிக்கயிறப்பா! சுமங்கலி. ஒரு சுமங்கலியைச் சாக்காட்டிப்போட்டு நிண்டு விளக்கம் கேக்கிறியள்."

ஊரில் நாகம் செத்துக் கிடந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போகமாட்டோம். பால் வார்த்து, வெள்ளைத்துணி சுற்றி, மனிதருக்குச் செய்வதுபோல எரிப்போம். ஜெர்மன்காரர் சட்டம் பேசினார்.

"அக்கா, இதுக்குப் படம் இல்லை. படம் இல்லாத பாம்புக்குச் செத்தவீடு செய்யிற வழக்கம் இல்லை."

"நீங்கள் ஜெர்மனியிலை எத்தினை பாம்புக்குச் செத்தவீடு செய்தனீங்கள், தம்பி?"

அவர் வண்டியை விட்டு இறங்கி அவரைக்கொடிச் சுள்ளி பொறுக்கப் போனார். அவள் கைப்பையிலிருந்து குங்குமமும் கர்ப்பூரமும் வந்தன. என் கைக்குட்டை கோடித்துணியானது. பாம்பை அதில் கிடத்திச் சுள்ளிமேல் வைத்தோம். கண்ணாடி வீட்டு வாசலில் பூத்திருந்த செவ்வந்தியில் நாலு பறித்து அதன்மேல் போட்டேன். கொள்ளி வைப்பது யார் என்று கேள்வி வந்தது.

"சாக்காட்டினவர்தான் வைக்கவேணும்" என்றார் ஜெர்மன்காரர்.

"உறவுக்காரர் வைக்கிறதுதான் முறை" என்றேன்.

"உறவுக்காரரை நான் எங்கை போய்த் தேட?"

அவர் தேவாரம் பாடத் தொடங்கினார். அவருடைய குரலைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. மனைவி குங்குமத்தை எடுத்துப் பாம்பின் நெற்றியில் வைத்தாள். அது அசையவில்லை. கர்ப்பூரத்தை ஒரு கல்லில் வைத்துக் கொளுத்தினேன். பால்போத்தலைத் திறந்து, தலையிலிருந்து வால்வரை, குளிரக் குளிர வார்த்தேன்.

பாம்பு வாயை மூடியது.

நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. புரண்டு நிமிர்ந்தது. பாலும் குங்குமமும் வடிய எங்கள் மூன்று பேரையும் ஒரு தரம் பார்த்தது. ஜெர்மன்காரரைச் சற்றுக் கூடுதலாகப் பார்த்ததாக எனக்கு ஒரு எண்ணம். பிறகு கைக்குட்டையை விட்டு இறங்கி, செவ்வந்திப் பூ ஒன்று முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, ஒரு அவசரமும் இல்லாமல் என் கும்பிக்குள்ளேயே போய்விட்டது. மனைவி கைகூப்பினாள். ஜெர்மன்காரர் திரும்பவும் தள்ளுவண்டிக்குள் நின்றார். எப்போது ஏறினார் என்று எனக்குத் தெரியாது.

பின்னால் யாரோ மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. செயலாளர். கும்பி தரைமட்டமாகிவிட்டதா என்று பார்க்க வந்தவர். கோடையில் அங்கே நெருப்பு மூட்டக்கூடாது. கர்ப்பூரம் எரிந்துகொண்டிருந்தது. துண்டு போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அவர் நெருப்பைப் பார்க்கவில்லை. வெள்ளைக் கால்சட்டையோடு எருவில் முழங்கால் குத்தி, நான் ஃபோர்க்கால் திறந்த குழிக்குள் தலையை விட்டார். தலையை வெளியே எடுத்தபோது கண்ணாடியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. கண் கலங்கியிருந்தது.

உள்ளே முட்டைகள். வெள்ளையாய், தோல்போல, ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குலையாய் இருந்தன. கண்ணுக்குத் தெரிந்தவை மட்டும் இருபத்தேழு. நான்தான் எண்ணினேன்.

அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்ல, ஜெர்மன்காரர் வண்டிக்குள்ளிருந்து மொழிபெயர்த்தார். ஆங்கிலேயர் இதைப் புல்லுப்பாம்பு என்பார்களாம். விஷம் இல்லை. ஓடையில் நீந்தித் தவளை பிடிக்கும். பிடிபட்டால் முதலில் சீறும், பிறகு நாறும், அதுவும் சரிவராவிட்டால் செத்ததுபோலக் கிடக்கும். வாயில் இரத்தம்கூட வரவழைக்குமாம். இந்தக் குளிர்நாட்டில் முட்டை பொரிக்கச் சூடு வேண்டும். தாய்க்கு அடைகாக்கத் தெரியாது. ஆகவே தானாகச் சூடாகிற அழுகல் குவியல் ஒன்றைத் தேடி அலையும். நல்ல குவியல் கிடைத்தால் இட்டுவிட்டுப் போய்விடும்.

"கும்பியைத் தொடக்கூடாதாம்" என்றார் ஜெர்மன்காரர். "முட்டை பொரிக்கும்வரைக்கும் ஒரு வைக்கோலும் அசையக் கூடாதாம். சூடு குறையவும் கூடாதாம்."

"கடிதம்?" என்று கேட்டு என் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன். செயலாளர் கையை நீட்டினார். கொடுத்தேன். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பொரித்து முடியட்டும், பிறகு பேசலாம் என்றார். அதாவது முட்டை பொரித்தால் துண்டு எனக்கு. அவிந்து போனாலோ குளிர்ந்து போனாலோ, மறுபடி அளவுநாடா.

கும்பியின் நடுவில் முட்டை அவியும் என்பது தின்று பார்த்த எனக்குத் தெரியும். பாம்புக்கும் தெரிந்திருக்கிறது. நடுவை விட்டு, தெற்கு ஓரமாக, வெயில் படுகிற பக்கத்தில், என் கையை வைத்தால் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோல இருக்கிற இடம் பார்த்து இட்டிருந்தது. படிக்காமலே கட்டத் தெரிந்த ஒருவனும் படிக்காமலே இடம்பார்க்கத் தெரிந்த ஒருத்தியும் என்று நான் மனைவியிடம் சொன்னேன். "ஒப்பிடுறதுக்கு ஆள் கிடைச்சிட்டுது" என்றாள்.

கனடாவில் இருக்கும் என் தம்பிக்கு அன்றைக்கே போன் எடுத்தேன். என் பெருமை எதையும் அவன் முழுதாகக் கேட்டது கிடையாது.

"உது பெரிய புதினமே அண்ணை? இஞ்சை எங்கடை வளவிலையே நாலு திரியுது. கார்ட்டர் பாம்பு எண்டு பேர். முதுகிலை மூண்டு கோடு போட்டு, வடிவெண்டால் வடிவு."

"முட்டை எத்தினை இடும்?"

"முட்டையோ? உதெல்லாம் பழைய முறை. எங்கடை பாம்பு நேரே குட்டிதான் போடும்."

அந்தச் சொல் என் நித்திரையைக் கெடுத்தது. அடுத்த நாள் செயலாளரைப் பிடித்து ஜெர்மன்காரர் மூலம் விசாரித்தேன். உண்மைதானாம். இரண்டும் ஒரே குடும்பம், கடல் பிரித்துவிட்டது. அங்கே போன கிளை கனடாவிலிருந்து மெக்சிகோவின் மலைக்காடுகள்வரை பரவியிருக்கிறது. மேகம் படிந்து நிலம் சூடேறாத மலையில் முட்டையை மண்ணில் விட்டால் பொரிக்காது. ஆகவே தாய் அதை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெயில் விழுகிற கல்லாய்ப் பார்த்துக் கிடந்து, குட்டியாகப் பெறும். தன் உடம்பையே கும்பியாக்கிக்கொள்கிறது. கேட்டதும் எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. தம்பிக்கு மறுபடி போன் எடுத்தேன்.

"உங்கடை பாம்பு ஏன் குட்டி போடுது தெரியுமோ?"

"ஏன்?"

"அங்கை கும்பி கட்டிக்குடுக்க ஆள் இல்லை. அதாலை பாவம், வயித்திலை சுமக்குது."

"அண்ணை, வெளியிலை ஸ்னோ கொட்டுது, வழிக்கவேணும், வைக்கிறன்" என்றான். அது ஆகஸ்ட் மாதம்.

அந்த வெற்றி எனக்கு நீடிக்கவில்லை. அதே ஆகஸ்டில் லண்டனில் எட்டு நாள் விடாமல் மழை. கும்பியின் ஓரத்தில் கையை வைத்தால் காய்ச்சல் இறங்கிக்கொண்டு வந்தது. ஐந்தாம் நாள் வெறும் ஈரம்தான். கூரைபோலத் தகரம் பிடித்தேன். பழைய கம்பளம் போர்த்தினேன். காணாது, சூடு ஏறவில்லை. கும்பிக்குள் இருந்ததெல்லாம் எரிந்து அடங்கிவிட்டது. புது உணவு போட்டால்தான் கொதிக்கும். டூட்டிங் கடைக்காரருக்குப் போன் அடித்தேன்.

"அண்ணை, கோயில் திருவிழாவுக்கு ஓடர் கிடக்கு. ரெண்டு சாக்கு நிறையச் சக்கை வரும். தூக்க ஏலுமோ உங்களாலை?"

"உம்மடை வயசிலை நான் நாலு சாக்குத் தூக்கினவன்."

"என்ரை வயசிலை எண்டு நான் கேக்கேல்லை."

இரண்டு சாக்கையும் இரண்டு தோளில் போட்டேன். நோர்தேர்ன் லைனில் வழக்கம்போலப் பெட்டி காலியானது. ஒரு பெண்மணி மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகாமல் நின்று, இதெல்லாம் என்னத்துக்கு என்று கேட்டார். என்னிடம் இருந்த ஆங்கிலத்தில், "பேபி கமிங்" என்றேன். அவர் என் வயதைப் பார்த்தார். வாழ்த்துச் சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

முட்டை இருந்த பக்கத்தைத் தொடாமல், மறுபக்கத்தால் கையாலேயே குடைந்து, சக்கையைப் பிடிபிடியாக உள்ளே செருகினேன். ஃபோர்க்கை நான் எடுக்கவில்லை. மழைக்குள் முழங்காலில் நின்று ஒரு பகல் முழுவதும் செய்தேன். ஜெர்மன்காரர் எனக்குக் குடை பிடித்தார். அதை நான் மறைக்கவில்லை, அவருடைய பங்கு குடை. மூன்றாம் நாள் ஓரத்தில் கையை வைத்தேன். திரும்பவும் பிள்ளையின் நெற்றி.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, கம்பளத்தின் கீழிருந்து பென்சில் நீளத்தில் ஒன்று வந்தது. பின்னால் இன்னொன்று. நாங்கள் நாலு பேரும் மூச்சு விடாமல் நின்றோம். இருபத்தேழில் இருபத்துநாலு பொரித்தன. முட்டைக்கோதுகளைப் பிறகு எண்ணியவனும் நான்தான். ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் அதே மஞ்சள் வளையம்.

"பிறக்கேக்கையே தாலியோ?" என்றாள் மனைவி.

ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த வளையம் உண்டு என்று செயலாளர் விளக்கினார். மனைவி அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஆம்பிளையளும் கட்டுதுகளோ? நல்ல பழக்கம்" என்று சொல்லி என் கழுத்தைப் பார்த்தாள்.

துண்டு எனக்கே நிலைத்தது. கும்பி இப்போதும் தலைக்கு மேலே நிற்கிறது. பாம்புக்காக விதியில் ஒரு விலக்கு எழுதினார்கள். இந்த வருடமும் தாய் வந்தது, அதே தெற்கு ஓரத்துக்கு. எங்களைக் கண்டால் இப்போது சாவதில்லை. ஜெர்மன்காரர் வாய் திறந்தால் மட்டும் உள்ளே போய்விடுகிறது.

ஆனால் அந்தப் பலகை. வாசலில், கண்ணாடிச் சட்டத்துக்குள், நிறப்படத்தோடு. ஜெர்மன்காரர் எனக்கு வாசித்துக் காட்டினார்: இங்கே புல்லுப்பாம்புகள் முட்டையிடுகின்றன, இது ஓர் இயற்கையான வாழிடம், வனவிலங்குக் குழுவின் அக்கறைக்கு நன்றி. வனவிலங்குக் குழு என்பது செயலாளரும் அவருடைய இரண்டு சிநேகிதிகளும். அவரில் எனக்குக் கோபம் இல்லை, கடிதத்தைத் திருப்பி எடுத்தவர் அவர். ஆனால் இயற்கையானதாம்! இரண்டு சாக்குத் தேங்காய்ச் சக்கை டூட்டிங்கிலிருந்து இயற்கையாகவா டியூப் ஏறி வந்தது? மழைக்குள் முழங்காலில் நின்றது காற்றா? இயற்கை செய்ததெல்லாம் எட்டு நாள் மழை பெய்து குளிரப் பண்ணியதுதான். அதற்கு நன்றி, எனக்கு இல்லையா?

ஆகவே சங்கத்துக்கு இதனால் தெரிவித்துக்கொள்கிறேன். ஜெர்மன்காரர் ஆங்கிலத்தில் எழுதித் தருவார், கூட்டி எழுதாமல் நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். அந்தப் பலகையில் 'இயற்கையான' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில், பதினேழாம் துண்டுக்காரர் தம் கையால் கட்டி, தேங்காய்ச் சக்கையால் சூடேற்றிக் காத்தது என்று, படத்துக்குக் கீழே அல்ல, மேலே, கண்ணாடி போடாமல் வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுத வேண்டும். குடைக்கு ஒரு சிறு வரி சேர்த்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. மிதித்தால் செத்ததுபோலக் கிடப்பது பாம்பின் வழக்கம். எனக்கு அந்த வழக்கம் கிடையாது. பலகை மாறும்வரை ஒவ்வொரு நாளும் வாசலில் வந்து நிற்பேன், சாக்கோடு.